சூட்டிக்குக் கேட்காமல்

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில், வாடகைக் கார் ஓட்டும் முக்தாரின் பழைய மொரிஸ் மைனர் வளைவில் திரும்பும்போதெல்லாம் சுப்பம்மாவின் நாய் சூட்டி எங்கிருந்தோ ஓடி வரும். குரைக்காது. சக்கரத்தை ஒட்டியே ஓடி, கார் நின்றதும் முன்னங்கால்களை ஜன்னலில் வைத்துப் பின் சீட்டைப் பார்க்கும். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விடும்.

அந்தக் காரில்தான் ஷாமிளா கல்யாணம் முடிந்து நிவித்திகல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். போகிற பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அம்மா சுப்பம்மா சொல்லியிருந்தாள். குறுக்கே வந்துவிடுமோ என்று நாயைத் தாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுத் தூணில் கட்டியும் வைத்திருந்தாள். அன்றிலிருந்து சூட்டி சரியாகச் சாப்பிடவில்லை.

"ஒரு நாளைக்கு என் டயர்ல மாட்டப் போகுது, சுப்பம்மா," என்றார் முக்தார். "அந்தப் பாவம் எனக்கு வாணாம். மகள்கிட்டயே கொண்டுபோய் விட்டுடுவோம்."

"உங்க கார்லயா நானா? நாய் எச்சி பட்டா நீங்க தொழப் போக முடியாதே." அண்ணன் முறையில் அவரை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"மண்ணு கரைச்சுக் கழுவினாச் சரி. அல்லாஹ் ஆத்துல நிறையத் தண்ணி குடுத்திருக்கான். நீங்க காலையில அதுக்கு ஒண்ணும் ஊட்டாம இருங்க. வளைவுல கக்கி வச்சா எனக்குத்தான் வேலை."

சுப்பம்மா நாயைப் பார்த்தாள். புருஷன் செத்த பிறகு மகள் இருந்தாள். மகள் போன பிறகு, ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து பேசுவதற்குச் சூட்டி மட்டும்தான் இருந்தது. ஆனால் அதன் விலா எலும்பு தெரிந்தது.

"சரிங்க நானா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முக்தார் பின் சீட்டில் சாக்கு விரித்து, அதன்மேல் பழைய பெட்ஷீட் போட்டு வைத்திருந்தார். கயிற்றைக் குட்டையாகச் சீட்டுக் காலில் கட்டினார். மூக்கு மட்டும் வெளியே போகும் அளவுக்குக் கண்ணாடியை இறக்கினார். சுப்பம்மா நாயின் நெற்றியில் திருநீறு பூசினாள். முக்தார் பிஸ்மி சொல்லிக் காரை எடுத்தார். இரண்டு வேண்டுதலும் ஒரே நாய்க்காகப் போயின.

அவிசாவளை தாண்டி மர நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டினார்கள்.

"குடுத்து வச்ச நாய்," என்றார் முக்தார். "என் பொஞ்சாதியக்கூட நான் இவ்வளவு மெதுவாக் கூட்டிட்டுப் போனதில்ல."

சுப்பம்மா சிரித்தாள். மடியில் கிடந்த தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். இரத்தினபுரிக்குப் பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.

ஷாமிளா லயத்திலிருந்து ஓடி வந்தாள். சூட்டி முனகி, உருண்டு, அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு கோப்பை சோற்றையும் அவள் கையிலிருந்தே தின்று முடித்தது.

பொழுது சாய சுப்பம்மா எழுந்தாள். அவளுக்கு முன்னே சூட்டி ஓடிப் போய்ப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அம்மா, உங்ககூடவே வரப் பார்க்குது," என்றாள் ஷாமிளா. "வேணும்னா கூட்டிட்டுப் போங்க."

கதவைச் சாத்தினால் போதும். சுப்பம்மாவின் கை கதவில் அப்படியே இருந்தது.

"எனக்காக ஏறல புள்ள," என்றாள் கடைசியில். "நாம ரெண்டு பேரும் ஏறுவோம்னு ஏறியிருக்கு. நான் கூட்டிட்டுப் போனா மறுபடி உன்னையத்தான் தேடும். சூட்டி, எறங்கு."

அவள் திரும்பவும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தாள். ஷாமிளா வாசற்படியில் இருந்தாள். அவள் பாதத்தில் தலை வைத்து நாய் தூங்கும்வரை இருவரும் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு சுப்பம்மா மகளின் தலையைத் தொட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

முக்தார் கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, எஞ்சினைப் போடாமல் பிரேக்கை மட்டும் விட்டார். சரிவில் கார் தானாக உருண்டது.

சுப்பம்மா திரும்பிப் பார்த்தாள். நாய் விழித்துவிடும் என்று ஷாமிளா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை மட்டும் உயர்த்தியிருந்தாள். தேயிலைச் செடிகள் மறைக்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

அடி வளைவைத் தாண்டிய பிறகுதான் முக்தார் எஞ்சினைப் போட்டார்.