அறுபடாத மட்கார்டு

அருள்ராஜ் மட்கார்டில் கறுப்பு மார்க்கரால் போட்ட கோட்டை வாசு தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் துடைத்தார். அதற்கு முந்தின ஞாயிறும்.

“அண்ணாச்சி, நீங்க துடைக்கத் துடைக்க ஆரஞ்சு கலருதான் வெளுக்குது. வேலை ஒரு நூலு நகரல.”

“கோடு போடுன்னு நான் சொன்னனா?”

“கோடு போடாம எப்படி அறுக்கிறது? கண்ணை மூடிக்கிட்டா?”

“அறுக்கவே வேண்டாங்கறேன்.”

உம்மல் குவைனில் காயலை ஒட்டிய படகுப் பட்டறை அது. கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகுகளுக்கு நடுவே, நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் அந்த பக்கி நின்றது. கூரை இல்லை, கதவு இல்லை. மணல்மேடுகளில் ஓட்டி விளையாடுவதற்கென்று செய்கிற சின்ன வண்டி. கீழே பழைய பீட்டில் காரின் தளமும் பின்பக்க எஞ்சினும். மேலே, நீண்ட மூக்கும் சக்கரங்களுக்கு மேல் தூக்கிய தோள்களுமாக ஒரே துண்டு ஃபைபர் உடல். எழுபதுகளில் இங்கிலாந்தில் யாரோ ஒருவர் இந்த அச்சில் சில டஜன் உடல்களை மட்டும் வார்த்துவிட்டுத் தொழிலை மூடிவிட்டார் என்று வாசு இணையத்தில் படித்திருந்தார். வளைகுடாவில் இன்னொன்று இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

இது கிடைத்தது தைத் பக்கம் ஓர் ஆட்டுக்கொட்டகையில். வாசு அஜ்மானில் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கல்ஃபான் என்கிற எமிராத்தியின் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணியதில் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. கல்ஃபானின் அப்பாவுடைய தோட்டத்தில் எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன வண்டி. அதன் உள்ளே ஆட்டுத் தீவனம் கொட்டி வைத்திருந்தார்கள். வாசு கண்கொட்டாமல் பார்த்து நின்றதைக் கண்டு கல்ஃபான் சிரித்தார். “எடுத்துக்கொள், வாசு பாய். விலை வேண்டாம். ஓட வேண்டும், அவ்வளவுதான்.”

அது இரண்டு குளிர்காலத்துக்கு முந்திய பேச்சு. போன மாதம் கல்ஃபான் பட்டறைக்கே வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். காலால் ஒரு ஸ்டாண்டைத் தட்டினார். “இது ஸய்யாரா இல்லை, ஸந்தூக்,” என்றார். வண்டி இல்லையாம், வெறும் பெட்டியாம். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “என் தங்கை மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நோன்புப் பிறைக்கு முன்னால் இது ஓட வேண்டும். ஓடாவிட்டால் அவன் வந்து ஏற்றிக்கொண்டு போவான். கோபித்துக்கொள்ளாதே.”

தங்கை மகன் என்ன செய்வான் என்பது வாசுவுக்குத் தெரியும். பெரிய டயர் போட்டு, வெட்டுக்கிளி மாதிரி உயர்த்தி, ராணுவப் பச்சை அடிப்பான்.

வாசுவின் ஆசை நேர் எதிரானது. அவருக்கு வண்டி தாழ வேண்டும். இதே உடலின் பழைய படம் ஒன்றைப் பார்த்திருந்தார்: மூக்கு ஏறக்குறைய தரையைத் தொட, சக்கரங்கள் தோள்களுக்குள் பாதி மறைந்து, பாய்வதற்கு முன் பதுங்கிய மிருகம் போல நின்றது. அன்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. சைட்டில் லிஃப்ட் குழிக்குள் நிற்கும்போதும் தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி எவ்வளவு விடலாம் என்றே கணக்கு ஓடியது.

“மணல்ல ஓடற வண்டியத் தரையோட ஒட்ட வெச்சா எங்கீங்க ஓட்டுவீங்க?” என்று மனைவி வசந்தகுமாரி கேட்டிருக்கிறார். இந்தியப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். விடை வராத கேள்வியை அவர் விடுவதில்லை. “மேட்டுல ஏறாது. ரோட்டுல போலீஸ் விடமாட்டான்.”

“சப்காவுல ஓட்டுவேன்.”

சப்கா என்பது கடலோரத்து உப்புத்தரை. கண்ணுக்கெட்டும் மட்டும் தட்டை. காய்ந்திருந்தால் தார் ரோடு மாதிரி இருக்கும்.

“அப்புறம்?”

“ஊருக்குப் போறப்ப கொண்டு போயிருவோம்.”

“ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்குதுங்க. பெருந்துறையில எந்த ஆர்.டி.ஓ. நம்பர் குடுப்பான்?”

“பாடியை மட்டும் கழட்டிக் கன்டெய்னர்ல போட்டுக்கலாம்.”

வாசுவின் தொல்லையே அதுதான். மகள் அனன்யா பிறப்பதற்கு முன்னால் வந்த அஜ்மான் ஃபிளாட்டின் சுவர்களில் இன்றுவரை ஓர் ஆணி கிடையாது. சாமி படங்கள் அலமாரியில் சாய்ந்திருந்தன. காலண்டர் ஒட்டுக் கொக்கியில் தொங்கியது. டிவி வாங்கிய அட்டைப்பெட்டி தெர்மகோலுடன் பீரோவின் மேல் இருந்தது. அந்த டிவி போய் வேறு டிவி வந்த பிறகும் பழைய பெட்டி இறங்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது எல்லாம் வந்தபடியே பெட்டிக்குள் போக வேண்டும். பக்கத்து ஃபிளாட்காரர்களும் அப்படித்தான் இருந்தார்கள் என்பதால் அதை யாரும் வினோதமாக நினைத்ததில்லை. அனன்யா கனடாவுக்குப் படிக்கப் போய்விட்டாள். போன மாதம் அவள் அனுப்பிய படத்தில், வாடகை அறைச் சுவரில் அவளே டிரில் போட்டு ஒரு பலகையை மாட்டியிருந்தாள். வாசு அந்தப் படத்தைப் பெரிதாக்கித் திருகாணிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

வண்டியிலும் அவருடைய நிபந்தனை அதுவே. எதைச் செய்தாலும் திரும்ப முடிய வேண்டும். அடியிலுள்ள ஸ்பிரிங் கம்பிகளை ஒரு பல் தள்ளித் திருப்பி மாட்டினால் வண்டி இறங்கும். மறுபடி திருப்பினால் ஏறும். அதைச் செய்தார்கள். வண்டி இறங்கியது. ஆனால் டயர்கள் மேலே வந்து மட்கார்டின் உள்பக்கத்தைத் தொட்டன. மட்கார்டை அறுத்து நான்கு விரல் உயர்த்தி மறுபடி ஒட்டினால் சரியாகும் என்றான் அருள்ராஜ். ஆனால் வார்த்த உடலை ஒருமுறை அறுத்துவிட்டால் அறுத்ததுதான்.

அருள்ராஜ் தூத்துக்குடிக்காரன். பட்டறையில் அவன் போட்ட படகுகள் மற்றவர்களுடையதைவிட இருமடங்கு கனம் என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். கனமான படகு கவிழாது என்பான். வாய் ஓயாது. வாசு நாலாவது ஞாயிறும் கோட்டைத் துடைத்தபோது அவனே ஒரு வழி சொன்னான்.

“சரி, அறுக்க வேண்டாம். ஆக்ஸிலுக்கும் சேஸிக்கும் நடுவுல ரப்பர் கட்டை வைப்போம். டயரு மேல ஏறாம அது தடுத்துக்கிடும். லாஞ்சு மோதாம படகுத்துறையில ரப்பர் அடிக்கான்லா, அந்த மாதிரி.”

“கழட்ட முடியுமா?”

“ரெண்டு போல்ட்டு. நீங்க எப்ப வேணும்னாலும் கழட்டி, கழுவி, பெட்டியில வச்சுக்கிடலாம்.”

வாசுவுக்கு அதில் இருந்த கேலி உறைக்கவில்லை. நிம்மதிதான் வந்தது.

*

நோன்புக்கு முந்தின ஞாயிறு காலை பக்கியை ரெக்கவரி லாரியில் ஏற்றி உப்புத்தரைக்குக் கொண்டுபோனார்கள். வாரத்தின் நடுவில் மழை பெய்திருந்தது. ஓரத்தில் தரை வெள்ளையாகக் காய்ந்திருந்தாலும் தூரத்தில் பழுப்பாக, ஈரமாகத் தெரிந்தது. கல்ஃபான் தன் லேண்ட் க்ரூஸரில் சாய்ந்து நின்றார். வசந்தகுமாரி ஃபிளாஸ்க்கில் டீயுடன் வந்திருந்தார். தன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தின்ற பொருளை நேரில் பார்க்கவென்று சொன்னார்.

லாரியிலிருந்து இறக்கித் தரையில் நிறுத்தினார்கள். படத்தில் இருந்தது போலவே இருந்தது. ஆரஞ்சு உடல் வெள்ளைத் தரையோடு ஒட்டிப் பதுங்கியிருந்தது. கல்ஃபான் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“அழகாத்தான் இருக்குது,” என்றார் வசந்தகுமாரி, ஒப்புக்கொள்ள மனமில்லாதவராக.

வாசு ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. முதல் கியர், இரண்டாவது. தரை காலடியில் நழுவியது. முதுகுத்தண்டு வழியாக ஒவ்வொரு உப்புச் செதிலும் அவருக்குத் தெரிந்தது. மூன்றாவது கியர் போட்டபோது, எப்போதோ ஒரு லாரி பதித்துவிட்டுப்போன தடம் காய்ந்து வரப்பு மாதிரி குறுக்கே கிடந்ததைக் கவனிக்கவில்லை.

ரப்பர் கட்டை தெறித்த சத்தம் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பெரிய துணியைக் கிழிப்பது போன்ற ஒரு நீண்ட சத்தம். இடது முன்சக்கரம் மட்கார்டைக் கவ்வி, சுழற்றி, பிய்த்து எறிந்தது. வாசு பிரேக்கை மிதித்தார்.

அவர் இறங்கிப் பார்க்கும்போது மற்றவர்கள் ஓடிவந்திருந்தார்கள். இடது தோள் இருந்த இடத்தில் கிழிந்த கண்ணாடி நார் கொத்தாகத் தொங்கியது. பிய்ந்த துண்டு பின்னால் எங்கோ கிடந்தது. வலது பக்கத்து ரப்பரும் நகர்ந்துவிட்டிருந்தது. அங்கே டயர் மட்கார்டின் உள்விளிம்பில் அழுந்தி, சக்கரம் திரும்ப மறுத்தது.

“ரப்பர் யோசனை என்னதுதான், அண்ணாச்சி,” என்றான் அருள்ராஜ். முதல்முறையாக அவன் குரல் இறங்கியிருந்தது. “மேடு வரும்னு நினைக்கல. பட்டறைக்குக் கொண்டு போனா ரெண்டு வாரத்துல நல்லாப் பண்ணிரலாம்.”

இரண்டு வாரம். வாசு கல்ஃபானைப் பார்த்தார். கல்ஃபான் கையில் ஃபோன் இருந்தது. அவர் முகத்தில் கடுமை இல்லை. அதுதான் மோசமாக இருந்தது.

“கலாஸ், வாசு பாய், முடிந்தது,” என்றார். “இந்த வாரம் பிறை. நான் சொன்ன சொல் இருக்கிறது, பையன் காத்திருக்கிறான். லாரியும் இங்கேயே இருக்கிறது. தைத் தோட்டத்துக்கே போகட்டும்.”

“ஓடுச்சே,” என்றார் வசந்தகுமாரி தமிழில். பிறகு ஹிந்தியில், கொஞ்சம் சத்தமாக: “சலா தோ ஸஹி!”

“ஓடியது, நின்றுவிட்டது,” என்றார் கல்ஃபான் பணிவாக. “என் லிஃப்ட் மாதிரி.”

அருள்ராஜ் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டான்.

வாசு வலது பக்கம் போய்க் குனிந்தார். அந்தத் தோளில் கீறல்கூட இல்லை. உள்ளங்கையை வைத்தார், வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. அரை நூற்றாண்டாகப் பாலைவனமும் ஆடுகளும் ஒன்றும் செய்யாத தோள். இப்படியே வைத்திருந்தால் தங்கை மகனுக்குப் போகும். அவருக்கு இங்கேயே நிற்கவும் முடியவில்லை, போய் வண்டியில் உட்காரவும் முடியவில்லை. உள்ளங்கை மட்டும் அங்கேயே இருந்தது.

“உன் டூல் பெட்டியில ஆக்ஸா பிளேடு இருக்குதா?”

அருள்ராஜுக்கு முதலில் விளங்கவில்லை. “எதுக்கு?”

“இருக்குதா இல்லையா?”

“இருக்கு. நான் அறுக்கேன், நீங்க பிடிங்க.”

“குடு.”

ஃபைபரில் முதல் இழுப்பு பற்கூச வைத்தது. பிளேடு வழுக்கி, ஆரஞ்சு வர்ணத்தில் ஒரு வெள்ளைக் கோடு கோணலாக விழுந்தது. வாசு மறுபடி அழுத்தினார். வெள்ளைத் தூள் கையில், சட்டையில், மீசையில் படிந்தது. வேர்த்த இடமெல்லாம் அரிக்கத் தொடங்கியது. அருள்ராஜ் மட்கார்டின் நுனியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “நேரா, நேரா… அண்ணாச்சி, முறுக்குச் சுடுதீயளா?” என்றான். வசந்தகுமாரி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கல்ஃபான் ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்து தனக்கே டீ ஊற்றிக்கொண்டார்.

பாதியில் பிளேடு உடைந்தது. அடுத்த பிளேடை மாட்டினார்கள். கை கடுத்தது. வாசு நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டோம் என்று பயமாக இருந்தது. கடைசி இரண்டு விரல் நீளத்தில் மட்கார்டு தன் கனத்திலேயே முறிந்து அருள்ராஜின் கைக்கு வந்தது. அறுத்த விளிம்பு பல்பல்லாக இருந்தது. குழந்தை கத்தரித்த காகிதம் மாதிரி.

டயர் விடுபட்டு நின்றது. வாசு அதைக் கையால் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பிப் பார்த்தார். எதிலும் இடிக்கவில்லை.

“சிரிப்பா இருக்குது,” என்றார் வசந்தகுமாரி. “பல்லுப் புடுங்குன வாய் மாதிரி.”

“ஏறு,” என்றார் வாசு.

“நானா?”

“அந்தப் பக்கம் ஸீட்டு காலியாத்தான இருக்குது.”

அவர் ஒரு கணம் தயங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். எஞ்சின் பிடித்தது. இம்முறை வாசு வரப்பை ஒட்டியே கொஞ்ச தூரம் போய், அது தேய்ந்து மறைந்த இடத்தில் கடந்தார். மூன்றாவது கியர். நான்காவது. பின்னால் கல்ஃபானும் அருள்ராஜும் லாரியும் சிறுத்துப் போனார்கள். கல்ஃபான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவது கண்ணாடியில் தெரிந்தது. பாராட்டுகிறாரா, முன்னால் சேறு என்று எச்சரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

அதற்குள் தரை பழுப்பானது. மறைக்க ஒன்றும் இல்லாத முன்சக்கரங்கள் ஈர உப்பை அள்ளி இருவர் முகத்திலும் வீசின. வசந்தகுமாரி வீறிட்டார். வாசுவின் வாய் கரித்தது. மூக்குக்கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை. துப்பினார். வண்டி லேசாக வழுக்கி நேரானது.

“திரும்புங்க! புதைஞ்சுரும்!”

“எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கமாச்சும்!”

வாசு ஸ்டீயரிங்கை வளைத்தார். அவர் இடதில் திருப்பினாரா வலதில் திருப்பினாரா என்று பிறகு இருவராலும் சொல்ல முடியவில்லை. சேறு இப்போது பக்கவாட்டில் பறந்தது. வசந்தகுமாரி சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்; ஒரு கையில் செருப்பு, மறு கையால் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் வாசுவின் தோளைப் பிடித்திருந்தார். வாசுவின் கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்து எழவில்லை.