கட்டை பிடித்த கையோடு

தளம் அடிக்கிற வேலையில் வேகம் என் வாயில் இருக்கிறது. எந்த மேஸ்திரியும் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும், எனக்கென்ன. நான் பாட்டை வேகமாக எடுத்தால் வரிசையில் இருக்கிற அத்தனை பெண்களின் கட்டையும் வேகமாக விழும். இழுத்துப் பாடினால் கட்டையும் இழுத்துத்தான் விழும். பூந்தமல்லி சுற்று வட்டாரத்தில் எந்த மச்சு வீட்டுத் தளமும் இந்தத் தாயம்மா பாட்டைக் கேட்காமல் இறுகினதில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டுவார்கள். நாங்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கைக்கட்டையால் மூன்று நாள் அடிக்க வேண்டும். கட்டை பதியாமல் துள்ளித் திரும்பினால் தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம். நடுவில் கை நிற்கக் கூடாது. நின்ற இடம் மழைக்கு ஒழுகும். மூன்று நாளும் வாயை மூடிக்கொண்டு இதைச் செய்ய யாராலும் ஆகாது. அதற்குத்தான் பாட்டு.

கரையான்சாவடியில் நெல் மண்டி திருவேங்கடம் ஐயா வீடு கட்டினபோது நடந்தது இது. ஊரில் பாதிப் பேர் ரங்கூன் ரங்கூன் என்று கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம். எங்கள் கூட்டத்துக் கொத்தனார் சின்னசாமியும் பேர் கொடுத்துவிட்டு வந்திருந்தான். இந்தத் தளம் முடிந்த மறுநாள் பட்டணத்துத் துறைமுகத்தில் கப்பல். அவன் பெண்சாதி வேம்புலி என் வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டை பிடிக்கிறவள்.

வேம்புலி செம்பரம்பாக்கத்துப் பெண். கரைக்குக் கரை கத்திப் பேசுகிற ஏரி ஊரில் பிறந்தவளுக்கு இவ்வளவு கொஞ்சமாகப் பேச எப்படித்தான் வந்ததோ தெரியவில்லை. கல்லைக் கேட்டாலும் இரண்டு வார்த்தை சொல்லும், இவள் சொல்ல மாட்டாள். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அதற்கு அவள் மாமியார் வாயும் ஊர் வாயும் சேர்ந்து அவளிடம் மிச்சமிருந்த பேச்சையும் தின்றுவிட்டன. சின்னசாமி அவளை ஒரு சொல் சொன்னதில்லை. ரங்கூன் போகிறேன் என்று அவன் சொன்னபோது இவள் சரி என்றாளாம். அவ்வளவுதான் பேச்சு.

முதல் நாள் கஞ்சி குடிக்கிற நேரத்தில் இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் வாய் வெந்தா போகும் என்று கேட்டேன். அவள் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள்.

“புள்ள பெத்துக் குடுக்காதவ எந்த மொகத்த வெச்சிகினு நில்லுன்னு சொல்றது யக்கா?” என்றாள். “அவரு நெனச்சா போவாம இருக்கட்டும். நான் சொல்ல மாட்டேன்.”

சரி, அந்தப் பக்கமாவது போய்ப் பார்க்கலாம் என்று சுண்ணாம்பு குழைக்கிற இடத்தில் சின்னசாமியைப் பிடித்தேன். கைப்பிடிச் சுவருக்குக் கலவை எடுத்துக்கொண்டிருந்தான். நல்ல பையன். சுவர் எழுப்பினால் தூக்குக்குண்டே வெட்கப்படும். புத்தி மட்டும் கோணல். நான் போவேன்னு சொன்னா அவ சரின்றா யக்கா, இங்க எனக்காக யாரு காத்துகினு கீறா, என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு பேரும் ஒரே குடிசையில் ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் வேண்டாம் என்று நினைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. பாட்டை இழுத்தேன். தளம் முடிந்து கூலி கைக்கு வந்தால்தானே கப்பல்? ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்கு இழுத்தேன். இரண்டாம் நாள் மத்தியானமே துலுக்கானம் மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னாமே தாயம்மா, தாலாட்டா பாடுற என்று கீழேயிருந்து கத்தினான். திருவேங்கடம் ஐயா வேறு புதிதாக ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வைத்துக்கொண்டு, அதை வைக்க வீடு எப்போது முடியும் என்று தினமும் வந்து நின்றார். மனிதர்களை இழுத்தடிக்கலாம், சுண்ணாம்பை இழுத்தடிக்க முடியாது. அது தன் பாட்டுக்கு இறுகிக்கொண்டே வந்தது. மூன்றாம் நாள் காலையில் கட்டை துள்ள ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பேர்ப்பாட்டு என்போம். புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்கள் நாங்கள். பத்திரத்துக்கோ சாட்சிக்கோ கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவளை விட்டுச் சொல்லச் சொல்லுவோம். ஆனால் கட்டை பிடித்த கையோடு பாட்டில் சொன்னால் குற்றமில்லை. அது வேலைக்குச் சேர்ந்தது. நான் கேள்வி எடுப்பேன், ஒவ்வொருத்தியாகத் தன் புருஷன் பேரை வைத்து ஒரு அடி பாட வேண்டும், மற்றவர்கள் சேர்ந்து முடிப்போம். இதில் அவரவர் மனத்தில் இருக்கிற ஏச்சும் ஆசையும் எல்லாம் கொட்டிவிடும்.

*யாரு போட்ட தளமிது, யாரு பேரச் சொல்லுவே?*
*தட்டடி தளத்தத் தட்டு, தங்கம் போலத் தட்டு.*

முதலில் வடிவு பாடினாள். *சட்டி தூக்கச் சொன்னாக்கா சுருட்டு புடிக்கப் போவாரு, சின்னப்பையன் பேருதான், சேட்டை மட்டும் பெரிசுதான்.* வரிசையே சிரித்தது. அடுத்தவள் தன் வீட்டுக்காரன் குறட்டையைப் பாடினாள். நானும் பாடினேன். என் ராமன் அம்மை போட்டுப் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு தளத்திலும் நான் அவன் பேரைச் சொல்லுவேன். கட்டை விழுகிற சத்தத்தோடு சொன்னால் அவனுக்குக் கேட்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. உயிரோடு இருக்கிறவனிடம் சொல்லக் கொடுத்து வைத்தவர்கள் சும்மா இருந்தால் எனக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

அப்புறம் வேம்புலி முறை. எப்போதும் அவளைத் தாண்டிப் போய்விடுவோம். பாடமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு நான் தாண்டவில்லை. யாரு பேரச் சொல்லுவே என்று மறுபடி எடுத்தேன். அவள் தலை நிமிரவில்லை. மறுபடியும் எடுத்தேன். வடிவு என்னைப் பார்த்து விடு என்று கண்ணைக் காட்டினாள். நான் விடவில்லை. கட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன, பாட்டு மட்டும் அதே இடத்தில் நின்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தது. கைப்பிடிச் சுவர் பக்கம் சின்னசாமி முதுகைக் காட்டிக்கொண்டு பூசிக்கொண்டிருந்தான்.

வேம்புலி பாடினாள். தாளம் தப்பவில்லை.

*ஊரு ஊட்டுத் தளமெல்லாம் ஒழுகாம போட்டவனே,*
*நம்ம ஊட்டுக் கூரையில நட்சத்திரம் தெரியுதே.*
*சுண்ணாம்பு கொழச்ச கையி சோறு போடத் தேடுமே,*
*சின்னசாமி போவாத, கப்பலேறிப் போவாத.*

அந்தக் கடைசி அடியில் எங்கள் கை எல்லாம் நின்றுவிட்டது. என் கையும்தான். இத்தனை தளம் அடித்ததில் என் கை நடுவில் நின்றது அன்றைக்குத்தான். முடிப்பு அடியை நாங்கள்தான் பாட வேண்டும், ஒருத்தியும் எடுக்கவில்லை. வேம்புலி தன் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, செய்யக்கூடாததைச் செய்துவிட்டவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போது சின்னசாமி திரும்பினான். கையில் இருந்த பூச்சுக் கரண்டியைச் சுவர் மேல் வைத்தான். ஆண்பிள்ளைகள் எங்கள் பாட்டில் வாய் வைப்பது கிடையாது. அவன் வாய் வைத்தான்.

“தட்டடி தளத்தத் தட்டு,” என்று பாடினான். சுதியும் இல்லை, ஒன்றும் இல்லை, தொண்டையில் ஜல்லி அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு குரல். “தங்கம் போலத் தட்டு.”

அவ்வளவுதான் பாடினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, சுண்ணாம்புக் கையால் துடைத்து முகமெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டான். வடிவு சிரித்தாள், அப்புறம் அழுதாள். நான் வேம்புலியின் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். என்ன சொல்லி ஆற்றுவது என்று எனக்கே தெரியவில்லை, என் வாய்க்கு அப்படி ஒரு கதி. சத்தம் நின்றதும் ஏணியில் ஏறி வந்த துலுக்கானம் மேஸ்திரி எங்களைப் பார்த்துவிட்டு, திட்ட வந்ததை மறந்து தலைத்துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினான். பிறகுதான் சுண்ணாம்பு இறுகிப் போகிறது என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. கட்டையை எடுத்தோம். வேம்புலி முன்னால் இருந்த இடம் அதற்குள் பதத்தைத் தாண்டிவிட்டது.

கப்பல் போன அன்றைக்குச் சின்னசாமி தன் குடிசைக் கூரைமேல் உட்கார்ந்து ஓலை மாற்றிக்கொண்டிருந்தான். வேம்புலி கீழேயிருந்து ஓலை எடுத்துக் கொடுத்தாள். நான் அந்த வழியாக வேலையே இல்லாமல் இரண்டு தடவை நடந்து போய்ப் பார்த்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் திருவேங்கடம் ஐயா வீட்டுத் தளம் ஒழுகியது. எங்கும் இல்லை, சரியாக ஒரே இடத்தில், அதுவும் அவருடைய பாட்டுப் பெட்டியின் தலைமேல். ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிட்டு, என்ன வேலை செய்தீர்கள் என்று கத்தினார். எந்த இடம் என்று கேட்க எனக்கு அவசியமே இருக்கவில்லை.

சின்னசாமியும் வேம்புலியும் அந்த இடத்தைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் போட மேலே போனார்கள். கைகள் நான்கே போதும் என்கிற வேலை. நான் கீழே நின்று இரண்டு கட்டைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு எதுவும் இல்லை, பேச்சுச் சத்தம்தான் கேட்டது, வேம்புலி பேச்சுதான் அதிகம். முடிந்ததும் அவள் முதலில் ஏணியில் இரண்டு படி இறங்கினாள். மழையில் ஊறின ஏணி ஆடியது. கட்டையை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள், இரண்டு கையும் வெறுங்கை. திருவேங்கடம் ஐயா, மேஸ்திரி, நான் எல்லாரும் கேட்க மேலே பார்த்துச் சொன்னாள்:

“சின்னசாமி, ஏணியப் புடி.”

அவன் ஓடி வந்து பிடித்தான்.