பெர்மெத் மழுப்பிய வாக்கியம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்தது அல்ல. கீழ்வீட்டுப் பெர்மெத்திடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியது. படம் ஓடிய அன்று நானும் அரங்கில்தான் இருந்தேன், ஆனால் கடைசி வரிசையில். கடைசி வரிசைக்காரனுக்குத் தெரிவதெல்லாம் முதுகுகள். மிச்சத்தை அவள்தான் தர வேண்டியிருந்தது. ஒரு நிபந்தனையோடு தந்தாள்.

“எழுதுறத எனக்குப் படிச்சுக் காட்டணும் அண்ணே. நான் சொல்லாதத சொன்னதா போட்டீங்கன்னு வைங்க, மாடிப்படில எதிர வந்தாலும் பேச மாட்டேன்.”

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஒரு வாய்க்காலுக்காக அடித்துக்கொண்ட இரண்டு நாடுகள், நெடுங்காலம் பேசிப் பேசி, ஒருவழியாகக் கையெழுத்திட்டு எல்லையைத் திறந்த அந்த வசந்தத்தில்—’

பத்திரிகைச் செய்தி மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். அடுத்தது: ‘பெர்மெத்துக்கு மொழிகள் இரண்டு, ஆனால் தாய்நாடு—’

“தபால்தலைல அச்சடிக்கிற வாசகம் மாதிரி இருக்கு, எடுங்க” என்றாள். எடுத்துவிட்டேன்.

ஆகவே கட்டங்களிலிருந்து தொடங்குகிறேன்.

2

திரையில் எழுத்துகள் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வந்தன. சின்னச் சின்ன வெள்ளைக் கட்டங்கள், வரிசை வரிசையாக. கிர்கிஸ் படம், தாஜிக்கில் வசன வரிகள் என்று சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். எங்கள் குஜந்த் நகரத்து நட்புறவுத் திரைப்பட வாரத்தின் முதல் காட்சி, அதுவும் பட்டப்பகலில். அரங்கு நிரம்பிவிட்டிருந்தது. கணினியோடு போராடிய பையன்கள் கையை விரித்தார்கள்.

பெர்மெத் அங்கே விருந்தினர்களுக்குப் பேச்சு மொழிபெயர்க்க வந்தவள்; அதற்காகப் படத்தை முன்கூட்டியே ஒரு தரம் பார்த்திருந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம், பாத்கேன் மலையடிவாரத்தில் பிறந்த கிர்கிஸ் பெண். கல்யாணமாகி இங்கே வந்து தாஜிக் குடும்பத்தில் பாதி ஆயுள் போய்விட்டது. வியாபாரிகளுக்கு, ஆஸ்பத்திரிக்கு, சில சமயம் நீதிமன்றத்துக்கும் மொழிபெயர்ப்பாள். படத்தின் தயாரிப்பாளர் எர்மெக் ஓடி வந்து அவள் கையில் ஒலிவாங்கியைத் திணித்தார்.

“அக்கா, நீங்கதான் காப்பாத்தணும். அவங்க பேசப் பேச நீங்க மேல சொல்லிட்டே போங்க. பழைய காலத்துல எல்லாப் படமும் அப்படித்தானே பார்த்தோம்?”

“எல்லாருக்கும் நான் ஒருத்தியேவா?”

“ஒருத்தியே போதும். ஆனா ஒண்ணு.” குரலைத் தாழ்த்தினார். “கடைசில கர்னல் பேசுறது இருக்கில்ல? அத கொஞ்சம்... வளைச்சு நெளிச்சு...”

“நான் மொழிபெயர்க்கிறவ. வளைக்கிறவ இல்ல.”

“எங்க ஊர்ல அந்த வசனத்துக்கு எழுந்து நின்னு கைதட்டினாங்க அக்கா. அதுதான் இப்ப பயமா இருக்கு. என் ஆளுங்க ஒரு வேன் நிறைய வந்திருக்காங்க. இதே ரோட்டுலதான் திரும்பிப் போகணும்.”

அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. பெர்மெத் நிமிர்ந்து அரங்கைப் பார்த்தாள். அவள் பார்வை மூன்றாவது வரிசையில் நின்றது. அங்கே சபோஹத் உட்கார்ந்திருந்தாள்.

(சபோஹத் பெர்மெத்தின் கணவனுக்கு மூத்த அக்கா. எல்லையோர ஊரில் ஆப்ரிகாட் பழத் தோட்டம் வைத்திருந்தவள். சண்டையில் வீடு எரிந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தாள். தம்பி ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். ஆக வீட்டில் இரண்டே பெண்கள்: வீட்டைப் பறிகொடுத்தவள் ஒருத்தி, பறித்தவர்களின் மொழி பேசுகிறவள் ஒருத்தி. ஒரே அடுப்பில் சமைத்தார்கள். அந்தச் சண்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.)

சந்தையில் பழம் விற்றுப் பழகிய சபோஹத்துக்குக் கிர்கிஸ் நன்றாகவே புரியும். அவள் மட்டுமா? எங்கள் ஊரில் உஸ்பெக் தெரியாதவர்கள் குறைவு. உஸ்பெக் தெரிந்த காதுக்குக் கிர்கிஸ் பாதி பிடிபட்டுவிடும்.

3

படம் ஐரோப்பிய ஊர் ஒன்றில் நடக்கிறது. நீளமான மேசை, இரண்டு கொடிகள், இரண்டு பக்கமும் தூதுக்குழு. கிர்கிஸ் தரப்புக்குத் தலைவர் ஒரு முன்னாள் கர்னல். ஊரிலிருந்து அவருக்குத் தொலைபேசிகள் வந்தபடி இருக்கின்றன: விட்டுக்கொடுக்காதே, விட்டுக்கொடுத்தால் திரும்பி வராதே. விடுதிக்கு வெளியே, அந்த நாட்டில் வேலை பார்க்கும் நம்மூர் ஆட்கள் இரண்டு கூட்டமாகக் கொடி பிடித்து நின்று ஒருவரை ஒருவர் வைகிறார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்குத்தான் கோபம் அதிகம். அந்தக் காட்சி எனக்குப் பிடித்திருந்தது.

பெர்மெத் சுவரோரம் சின்ன விளக்கடியில் உட்கார்ந்து எல்லோருமாகப் பேசினாள். கர்னலாக, கர்னலின் மனைவியாக, கொடி பிடித்த இளைஞனாக. குரல் சீராகத்தான் இருந்தது. மடியில் இருந்த இன்னொரு கை மட்டும் பாவாடைத் துணியைக் கசக்கிக்கொண்டே இருந்ததாம்.

அந்த வசனம் நெருங்க நெருங்க அவளுக்குள்— (‘பிரளயம்’ என்று எழுதியிருந்தேன். அவள் சிரித்த சிரிப்பில் அதுவும் போயிற்று.)

கர்னல் எழுந்து மேசையை ஓங்கிக் குத்தி எதிரே இருந்த தாஜிக் பிரதிநிதியிடம் கத்துகிறார்: “எங்க தண்ணியக் குடிக்க விருந்தாளியா வந்தவங்கதான் நீங்க! விருந்தாளி வீட்டுப் பத்திரத்தையே கேட்டா, நாங்க கதவத் தொறந்து தெருவக் காட்டுவோம்!”

பெர்மெத் ஒலிவாங்கியில் சொன்னாள்: “தண்ணி ரெண்டு பேருக்கும் பொதுதான். ஆனா அவங்கவங்க வீடு அவங்கவங்களுக்கு.”

சொல்லி முடித்துவிட்டாள். கர்னல் முடிக்கவில்லை. அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார், மேசையில் இன்னொரு குத்து, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு. அந்த இனிப்பான வாக்கியத்துக்கு அவ்வளவு ஆத்திரம் பொருந்தவே இல்லை. முதுகுகள் அசைந்தன. யாரோ முணுமுணுத்தார்கள். திரையில், எதிரே இருந்த தாஜிக் பிரதிநிதி தலைகுனிந்தார். பேர் வரிசை ஓடத் தொடங்கியது. படம் முடிந்துவிட்டது.

மூன்றாவது வரிசையில் சபோஹத் எழுந்து நின்றாள்.

“ஏண்டி பெர்மெத்! அந்தாளு அதையா சொன்னான்?”

4

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. இங்கே முடிக்க மூன்று வழி இருந்தது. மின்சாரம் போகலாம் (கோழைத்தனம்). பெர்மெத் ‘ஆமாம், அதைத்தான் சொன்னார்’ என்று சாதிக்கலாம். அல்லது அழலாம். மூன்றாவதைத்தான் எழுதிப் படித்துக் காட்டினேன்: ‘அவள் கண்கள் நிறைந்தன.’

“யார் கண்ணு நிறைஞ்சுது?” என்றாள். “தொண்ட காயக் கூடாதுன்னு ரெண்டு மணி நேரமா தண்ணியக் குடிச்சுக்கிட்டே இருந்தேன். எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நின்னுச்சு. அத எழுதுங்க.”

“கதைல எப்படிம்மா?”

“அப்ப பயந்தேன்னு எழுதுங்க. வெறும் பயம். அக்கா கேட்டதுக்கு இல்ல. நான் அவங்கள ஏமாத்தினது அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே, அதுக்கு.”

எழுதிவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவள் மழுப்பியது எர்மெக்கின் வேனுக்காகவா, அரங்கின் அமைதிக்காகவா, இல்லை ராத்திரி அதே அடுப்படியில் சபோஹத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பதற்காகவா? கேட்டேன். “மூணும்தான். இல்லன்னா மூணும் இல்ல. அந்த நேரத்துல வாய் தானா சொல்லிடுச்சு” என்றாள். இதைக் கதாசிரியன் நம்ப மாட்டான். மேல்வீட்டுக்காரன் நம்பலாம்.

5

நடந்தது இதுதான்.

விளக்குகள் எரிந்தன. எர்மெக் ஓடி வந்து, “அக்கா, நன்றி சொல்லி முடிச்சிடுங்க” என்று கிசுகிசுத்தார். பெர்மெத் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனாள்.

“இல்லக்கா. அவர் அதச் சொல்லல” என்றாள். பிறகு கர்னல் சொன்னதை, கத்தாமல், ஒரு சொல்லும் குறைக்காமல், தாஜிக்கில் சொன்னாள். விருந்தாளி, பத்திரம், தெரு, எல்லாம்.

அரங்கே ஒரு முறை மூச்சை உள்ளிழுத்த மாதிரி இருந்தது. பின்னாலிருந்து ஒருவன், “அந்த நாக்க அறுக்கணும்!” என்றான். யாருடைய நாக்கை என்று சொல்லவில்லை. நாற்காலிகள் படபடவென்று மடங்கின. சிலர் வெளியேறினார்கள், சிலர் முன்னால் வந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்தார். கிர்கிஸ் நடிகர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

“உக்காருங்கய்யா எல்லாரும்!” சபோஹத்தின் குரல். சந்தையில் பழக்கப்பட்ட குரல், ஒலிவாங்கி தேவைப்படவில்லை. “அவன் கத்தினான், கேட்டாச்சு. இத சந்தைல கேக்காத காதா இது? எனக்கு ஒண்ணுதான் தெரியணும். படத்துல எங்க ஆளு ஏன் வாயத் தொறக்கல?”

பெர்மெத் கிர்கிஸில் சொன்னாள். எர்மெக் தடுமாறினார். “அது... படம் அங்கயே முடியுதும்மா.”

“முடிச்சது யாரு?”

எர்மெக் தன் நடிகர்களைத் திரும்பிப் பார்த்தார்.

“எங்க ஆள மேசைல ஊமையா உக்கார வெச்சுட்டு, உங்க ஊர்ல நீங்களே கைதட்டிக்கிட்டிருப்பீங்களாக்கும்!” பிறகு ஒரு வசவு. அதை இங்கே எழுத முடியாது. பெர்மெத் அதையும் அப்படியே மொழிபெயர்த்தாள். எர்மெக்கின் காது சிவந்ததைக் கடைசி வரிசையிலிருந்தே பார்த்தேன்.

“இப்ப பதில நான் சொல்றேன். என் வீடு எரிஞ்சுது. உங்க ஆளுங்க எரிச்சாங்க. அதே நாள் வாய்க்காலுக்கு அந்தாண்ட, என்கிட்ட பழம் வாங்குற பொண்ணு வீடும் எரிஞ்சுது. எங்க ஆளுங்க எரிச்சாங்க. அவ என்னைய விருந்தாளின்னு சொன்னதில்ல. நானும் அவளச் சொன்னதில்ல. விருந்தாளி, வீட்டுக்காரன்னு பேசினது பூரா எங்கயோ மேசை போட்டு உக்கார்ந்தவங்கதான்.”

‘எங்க ஆளுங்க எரிச்சாங்க’ என்ற இடத்தில் அரங்கில் இன்னொரு சலசலப்பு எழுந்தது. இந்த முறை கோபம் சபோஹத்தின் மேல். முன்னால் வந்து நின்றவர்களில் ஒருவன், “இந்தப் பொம்பளைக்கு எவ்வளவு கொடுத்தாங்க?” என்றான். கர்னலாக நடித்தவர் கைதட்டப் போனார், சுற்றிலும் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

காவலர் இருவர் வந்து எல்லோரையும் பக்கவாசல் வழியாக அனுப்பினார்கள். வேன் பத்திரமாக எல்லையைக் கடந்துவிட்டதாகச் சாயங்காலமே தகவல் வந்தது. அந்தப் படத்தை இங்கே பிறகு யாரும் போடவில்லை.

6

சபோஹத்தும் பெர்மெத்தும் வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். கதவைப் பூட்டியபின் சபோஹத் சொன்னது இதுதான்: “எரிஞ்ச வீட்டுக்குக் கூரை போடப் போறேன். ஊருக்கு. நீ கூட வா.”

“நானா? அங்கயா?”

“வேற எங்க?”

“அக்கா, நான் வாயத் தொறந்தா யாருன்னு தெருவுக்கே தெரிஞ்சிடும்.”

“தொறக்காமலே இருக்கப் போறியா?”

எங்கள் பக்கத்து ஆட்கள் அரங்கில் நடந்ததைக் கைபேசியில் பிடித்துப் பரப்பியிருக்கிறார்கள். சபோஹத்தை அந்தத் தெருவே எப்படி வரவேற்கும் என்று தெரியாது. கூடவே கிர்கிஸ் தம்பி மனைவி வேறு. ரஷ்யாவிலிருந்து கணவன் பேசினான். “போகாத” என்றான். சற்று நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, “அக்காவத் தனியா அனுப்பாத” என்றான்.

இந்தப் பகுதியை நேற்று படித்துக் காட்டினேன். பெர்மெத் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முடிவுக்கு இரண்டு மாதிரி எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவள் சிற்றுந்தில் ஏறுகிறாள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெண் எதிரே வருகிறாள். மற்றதில் வாசலில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே போகிறாள்.

“முதல்ல இருக்கிறதுல நான் ரொம்ப நல்லவ. ரெண்டாவதுல ரொம்பப் பாவம். ரெண்டையும் கிழிங்க” என்றாள்.

“சரி, நீயே சொல்லு. போறியா இல்லையா?”

“வண்டி நாளைக்குத்தானே அண்ணே? இப்பவே ஏன் கேக்கிறீங்க?”

கிழித்துவிட்டேன். சிற்றுந்து கிளம்பும் நாள் இன்று; கீழே ஏதோ இழுபடும் சத்தம் கேட்கிறது. சபோஹத்தின் பெட்டியாக இருக்கலாம். ஒரு பெட்டியா, இரண்டா என்று இங்கிருந்து தெரியவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் போகப் போவதில்லை. உங்களால் தாங்க முடியாவிட்டால் நீங்கள் போய்ப் பாருங்கள்.