போக ஒண்ணு, வர ரெண்டு

படகு டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். போவதற்கு ஒன்று, வருவதற்கு இரண்டு என்று கேட்டால் யாராக இருந்தாலும் நிமிர்ந்துதான் பார்ப்பார்கள். "ஒருத்தர் போயிட்டு ரெண்டு பேரா எப்படிங்க வருவீங்க?" என்றார். "அதெல்லாம் வருவோம், நீங்க குடுங்க" என்று டிக்கெட் கேட்ட பெரியவர் கையை நீட்டினார். ஆயுளில் பாதிக் காலம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கை அது. வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, அதன்மேல் கைக்குட்டையையும் திணித்துக்கொண்டார். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் இந்தப் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

டெப்போவில் அவருக்குப் பெயரே ஓல்டான்தான். தூரத்தில் யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால் போதும், "ஓல்டான், ஓல்டான்" என்று படிக்கட்டுத் தகரத்தைத் தட்டி வண்டியை நிறுத்திவிடுவார். டிரைவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "ஒரு ஆளுக்காக வண்டியே காத்துக் கெடக்கணுமா?" என்று உள்ளே இருப்பவர்கள் சத்தம் போடுவார்கள். இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஓடி வருகிற ஒரு முகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வராது. அவ்வளவுதான் விஷயம்.

அப்பேர்ப்பட்ட ஓல்டான் இப்போது தன் சொந்த மகளைக் கூட்டிவரக் கிளம்பியிருந்தார். ஒரே மகள். பறவைகளைப் பற்றிப் படித்தாள். கொஞ்ச மாத வேலைதான் என்று, இந்தப் படகு போகிற, மான்கள் திரியும் தீவுக்குப் போனாள். அந்தக் கொஞ்ச மாதம் வருஷக்கணக்காக நீண்டுகொண்டே போகிறது. வீட்டில் கணவனும் மனைவியும் சாப்பிட உட்கார்ந்தால் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அங்கே இங்கே சொல்லி, காலில் விழாத குறையாக, ஒரு கம்பெனி ஆபீஸில் அவளுக்கு வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். மனைவி மகளின் அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டுவிட்டு, "கையோட கூட்டிட்டு வாங்க. அவ வரலன்னா நீங்களும் வராதீங்க. அங்கேயே மானோட மானா மேஞ்சுட்டு இருங்க" என்று அனுப்பிவைத்தாள். மகளுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா சுற்றிப் பார்க்க வருகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

படகு கரையை நெருங்கும்போதே அவள் நிற்பது தெரிந்துவிட்டது. காக்கிச் சட்டை, தொப்பி, முழங்கால் வரைக்கும் சேறு. அவரது கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்ப் பழைய கண்டக்டர் விசிலை எடுத்தது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, தெருமுனையில் பஸ் திரும்பும் நேரத்தில் நீட்டி ஒரு விசில் கொடுப்பார். அவள் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் ஓடிவந்து, இரண்டு விரலை வாயில் வைத்துப் பதிலுக்கு அடிப்பாள். நீட்டி ஒன்று அடித்தால் நில், குட்டையாக இரண்டு அடித்தால் கிளம்பு. கண்டக்டர் மகளுக்கு இது அனா ஆவன்னாவுக்கு முன்னால் வந்த பாடம். "பொம்பளப் புள்ள விசிலடிக்குது, கேக்க ஆளில்ல" என்று அம்மாக்காரி கத்துவாள். அந்த ஞாபகத்தில் இப்போதும் நீட்டி ஊதினார். துறையோரம் பிஸ்கட் உறைகளை மோந்துகொண்டிருந்த மான்கள் நாலாபக்கமும் தெறித்து ஓடின. மரங்களிலிருந்து பறவைகள் கும்பலாக எழும்பின. மகளும் ஓடித்தான் வந்தாள், இரண்டு கைகளையும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டு.

"ஐயோ அப்பா! இங்க விசில் அடிக்கக் கூடாதுப்பா. போர்டு வெச்சிருக்கு பாருங்க."

"போர்டு கரையிலதானே இருக்கு? நான் தண்ணியில இருந்துல்ல அடிச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அந்த உள்ளங்கை காய்த்துப்போயிருந்ததை அவர் கவனித்தார்.

படகில் வந்த ஒரு புதுமண ஜோடியோடும் மற்றவர்களோடும் சேர்த்தே அவரையும் அழைத்துப்போனாள். அன்று சுற்றிக் காட்டும் முறை அவளுடையது. "இந்த மான் எதுவும் இந்தத் தீவோடது இல்லீங்க. வேட்டையாடறதுக்குன்னு வெள்ளைக்காரன் கொண்டாந்து விட்டான். அவன் போயிட்டான், இதுங்க தங்கிடுச்சு. முளைக்கிற செடிய எல்லாம் மேஞ்சுடுது" என்றாள். அப்படியா என்று மானைக் கொஞ்சிக்கொண்டே கேட்ட புதுப்பெண், தன் கைப்பை வாரை அது மென்றுகொண்டிருப்பதைப் பார்த்து அலறினாள். அடுத்து, கூரை போன நடன மண்டபம். மரவேர்கள் சுவரைப் பிளந்து இறங்கியிருந்தன. அதற்குப் பின்னால் சிறை. அறைக்குள் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாது. புது மாப்பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ள, பெண் போட்டோ எடுத்தாள்.

காவலர் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு பித்தளை விசில்.

"எங்கெங்கயோ பிடிச்சவங்களக் கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்தாங்க" என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். "காட்டை வெட்டினது, ரோடு போட்டது, தொரைங்க ஆட மண்டபம் கட்டினது, எல்லாம் அவங்கதான். இந்த விசில் சத்தம் கேட்டதும் வந்து வரிசையில நிக்கணும். தலைய எண்ணுவாங்க. ஒரு தலை குறைஞ்சா, இருக்கிறவங்களுக்கு அடி. தப்பிச்சுப் போனவங்கள கடல் தின்னுச்சு. வீடு திரும்பினவங்க ரொம்பக் கம்மி."

ஓல்டானின் கை சட்டைப்பையின் மேல் போய் நின்றது. அவரும் தலை எண்ணினவர்தான். ஆனால் யாரும் விட்டுப்போகக் கூடாது என்று எண்ணினவர். அதே சாமான், அதே சத்தம். முதல் ஆளாக வெளியே வந்துவிட்டார்.

மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, மகள் அவரை மட்டும் காட்டுக்குள் கூட்டிப்போனாள். வலை வேலிக்குள்ளே சருகும் மண்ணுமாக இடுப்புயரத்துக்கு ஒரு மேடு. வேலிக் கம்பங்களை நட்டது அவள்தான். கை காய்த்த கதை அவருக்குப் புரிந்தது. கோழி அளவு பறவையாம். காலாலேயே மண்ணைத் தள்ளித் தள்ளி இந்த மேட்டைக் கட்டி, உள்ளே முட்டையைப் புதைத்துவிடுமாம். அடைகாப்பது கிடையாது. மண்ணின் சூட்டிலேயே பொரிந்துவிடும்.

"குஞ்சு தானா தோண்டிட்டு வெளிய வரும்பா. வந்து அது பாட்டுக்குக் காட்டுக்குள்ள போயிடும்."

"அப்பன் ஆத்தாள?"

"பாக்கவே பாக்காது."

"நல்ல குடும்பம்" என்றார். "உங்கம்மாகிட்ட இதச் சொல்லிடாத. புள்ளையக் கெடுத்தது இந்தப் பறவைதான்னு கட்டையத் தூக்கிட்டு வந்துடுவா."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவர் ஆபீஸ் வேலையையும் திங்கட்கிழமையையும் திரைச்சீலையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்ததை மட்டும் சொல்லவில்லை. அவள் வேலியில் சிக்கியிருந்த ஒரு சருகை எடுத்துப் போட்டாள்.

"பாப்பா, நீயேதானே சொன்ன? இந்தத் தீவுக்கு வந்தவன் எவன் வீடு திரும்பினான்?"

"அவங்கள கொண்டு வந்தாங்கப்பா. நான் வந்தேன்."

அவர் வலையைப் பிடித்துக்கொண்டு அந்த மண்மேட்டையே பார்த்தார்.

"அம்மாவ நெனச்சு அழாத நாள் இல்லப்பா. ஆனா அங்க வந்துட்டா, இத நெனச்சு அழுவேன். எனக்கு இங்க இருக்கணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். அதுதான் அவரைக் கொன்றது. ஆனாலும் நம்பிக்கை போகவில்லை. வரமாட்டேன் என்று பஸ் நிழற்குடையில் முறுக்கிக்கொண்டு நின்ற எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்! வண்டி நகர்ந்தால் தானாக வந்து ஏறிக்கொள்வார்கள். இவளும் ஏறுவாள். சாயங்காலம் படகைப் பார்த்ததும் மனசு இளகிவிடும்.

சாயங்காலம் படகோட்டி டிக்கெட்டுகளை வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்து, இவரிடம் நின்றார். "பெரியவரே, ரெண்டு டிக்கெட் இருக்கு. இன்னொருத்தர் எங்க?"

துறையில் நின்ற மகளுக்கு அது கேட்டுவிட்டது. அவரைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தார்.

"அப்பா..." என்றாள்.

"ஓல்டான்" என்றார் அவர், படகோட்டியிடம்.

படகோட்டி நிறுத்திவைத்தார். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. புது மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தான். "ஒரு ஆளுக்காக எல்லாரும் காத்திருக்கணுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பழக்கப்பட்ட குரல்தான், ஊர்தான் வேறு. மகளின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. ஆனால் கால் நகரவில்லை. குத்துக்கல் மாதிரி நின்றாள். ஓடி வருகிறவர்களுக்காகத்தான் அவர் இத்தனை காலம் வண்டியை நிறுத்தியிருக்கிறார். நிற்கிறவளுக்காக எவ்வளவு நேரம் நிறுத்துவது?

"தரை தட்டிடும் ஐயா. அவங்க வர்றாங்களா இல்லியா?"

ஓல்டான் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"இல்லப்பா. அவங்க இந்த ஊரு" என்றார். பிறகு படகின் விளிம்பை இரண்டு தட்டு தட்டினார். "போலாம், ரைட்."

படகு விலகியது. அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவர் உட்காரவில்லை, பின்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவள் ஓடி வந்தாள். துறைப் பலகைகள் தடதடக்க, படகுக்கு இணையாக, தொப்பி பறந்து விழ, கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயா, ஓடி வர்றாங்க பாருங்க! நிறுத்தட்டுங்களா?" என்றார் படகோட்டி.

அவர் வாய் திறந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் துறையின் கடைசிப் பலகையில், விசில் கூடாது என்ற போர்டுக்கு நேர் கீழே வந்து நின்றாள். மூச்சு வாங்கினாள். இரண்டு விரலை வாயில் வைத்து, குட்டையாக இரண்டு விசில் அடித்தாள். கரையெங்கும் மான்கள் தெறித்து ஓடின.