பச்சை தெரிகிறது

பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு அண்ணி ஓரமாக ஒதுங்கி நின்றாள். பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்களுக்கு வழிவிடும் நர்ஸின் தோரணை அது. ஓய்வு பெற்ற பிறகும் அண்ணியை விட்டுப் போகவில்லை.

"இந்தா, நீயே பார்த்துக்கோ. ஒண்ணு குறையாம ஒப்படைச்சிட்டேன். நாளைக்கு நாத்தனார் கை பட்டு வாடிப்போச்சுன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த அவள் ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் நிலையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். அகலமான பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் நின்றது. அதில் பூச்சி பிடிக்கும் செடிகளின் தொட்டிகள் வரிசையாக இருந்தன; சிலவற்றின் இலைகள் வாய் போல் திறந்திருந்தன. கோடியில் இருந்த விதைத்தொட்டியின் மேல்மண் முழுக்கப் பச்சை. வெல்வெட் துணியை அளவெடுத்து வெட்டிப் போட்டது போல், ஓரங்களில் சற்றுக் கறுத்து, நடுவில் ஈரமாக மினுங்கியது. சுண்டுவிரல் நுனியால் தொட்டாள். வழுக்கியது.

பாசி. வெறும் பாசி.

"எப்படி இருக்கு?" என்றாள் அண்ணி.

"அழகா இருக்கு அண்ணி," என்றாள் அவள். குரல் தன்னுடையது போலவே இல்லை.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், சில நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. காய்ச்சல் ஏறியது, இறங்க மறுத்தது. துணைக்கு யாரும் அழைக்காமலே, கணவனின் அக்காவான அண்ணி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். கட்டிலை ஒட்டிய ஒடுங்கலான பெஞ்சில் படுத்தாள். அவளைத் துடைத்துவிட்டாள், புரட்டிப் படுக்க வைத்தாள், சிக்கு விழுந்த தலையை வலிக்காமல் வாரிப் பின்னினாள். இதையெல்லாம் செய்தது அந்த அண்ணியா என்று காய்ச்சல் மயக்கத்திலும் அவளுக்கு வியப்பாக இருந்தது.

அவர்கள் இருவருக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். அச்சில் மெழுகு ஊற்றி, பல் பல்லாகச் செதுக்கி, முகம் தெரியாத வாய்களுக்குச் சிரிப்பு செய்து அனுப்புகிறவள். அவள் பால்கனியில் வளர்க்கும் செடிகளை முதன்முதலாகப் பார்த்த அன்று அண்ணி தம்பியிடம் சொன்னாள்: "வேலையில செய்யறது பல்லு, வீட்ல வளர்க்கறது வாய். அப்புறம் உன் பொண்டாட்டி வார்த்தைக்கு வார்த்தை கடிக்காம என்னடா செய்வா?" அடுப்படியில் நின்ற அவளுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். அந்தப் பேச்சை அவள் பல வருடங்களாக மனதுக்குள் வைத்துக் கூர் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. இப்போது அது எங்கே போனது என்று தேடினால் அகப்படவில்லை.

விதை, பசைச்செடியினுடையது. இலை முழுக்கச் சிவப்பு மயிரும், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு துளிப் பசையுமாக நின்ற செடி. கொசுவைப் போன்ற சின்னப் பூச்சிகள் வந்து ஒட்டிக்கொண்டால் மெல்ல இலையைச் சுருட்டிக்கொள்ளும். முதல்முறையாகப் பூத்து, விதை கொடுத்துவிட்டு, அப்படியே கருகிப்போனது. விதை தூசு மாதிரி இருந்தது. மூச்சு விட்டால் பறந்துவிடும். உரச்சத்தே இல்லாத கறுப்பு மண்ணில் அதைத் தூவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கணவன் மறந்துவிடுவான் என்று, போகிற அவசரத்தில் அண்ணியிடம் போனில் சொன்னது இவ்வளவுதான்: "கேன்ல இருக்கற தண்ணியை ஊத்துங்க. தட்டு வத்தாம பாசமா பார்த்துக்குங்க அண்ணி. மண்ணு மேல பச்சை தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க."

அண்ணி சொன்னாள். காய்ச்சல் உச்சத்தில் இருந்த ஒரு காலையில் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு காதருகே குனிந்து, "பச்சை தெரியுது" என்றாள். அவளுக்குக் கண் திறக்க முடியவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று திரும்பிப் படுத்தது. அதன் பிறகு தினமும் அதே சேதி. "இன்னிக்கு இன்னும் கொஞ்சம் பரவியிருக்கு." "ஓரம் வரைக்கும் வந்துடுச்சு, உன் படை." பிள்ளையே சுமக்காத கர்ப்பப்பை போகிற போக்கில் இத்தனை வலியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. செடி பிள்ளையாகிவிடும் என்று நினைக்கிற அளவுக்கு அவள் அசடு இல்லை. ஆனாலும் வீட்டில் ஏதோ ஒன்று தனக்காகக் காத்திருக்கிறது, போய்ப் பார்த்தாக வேண்டும் என்கிற நினைப்பு ஒரு கயிறு மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தாள், முதல் வாய்ச் சோறு விழுங்கினாள், வார்டின் நீளம் நடந்தாள்.

அந்தக் கயிறு பாசியால் திரித்தது என்று இப்போது அண்ணியிடம் எப்படிச் சொல்வது?

"சொல்லிடாதே," என்றான் அவள் கணவன், விஷயத்தைக் கேட்டுவிட்டு, மாத்திரையை நீட்டியபடி. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இருவருக்கு நடுவில் மாட்டிக்கொள்வது அவனுக்குப் பழகிய வேலை. "அக்கா சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போன் போட்டு, நான்தான் முளைக்க வச்சேன்னு பீத்தியிருக்கா."

"உங்களுக்காவது தெரிஞ்சிருக்க வேணாமா?"

"எனக்கு எல்லாமே பச்சைதான்."

சொல்லாமல் விட்டால் என்ன என்று படுத்தபடி யோசித்தாள். நன்றி என்ற சொல் அவள் நாக்கில் வந்து வந்து நின்றது. அது மேடையில் மைக் பிடித்துச் சொல்கிற சொல். தன்னைத் துடைத்துவிட்ட கைகளிடம் அதைச் சொன்னால், கூலி கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பது போலாகிவிடும். அதற்குப் பதிலாக இந்தப் பொய்யையே கொடுத்துவிடலாம். முளைத்தது, உங்களால்தான் முளைத்தது. ஆனால் பாசிப் படலத்துக்கு அடியில் விதைகள் மூச்சு முட்டிக் கிடக்கும். ஒன்றிரண்டாவது உயிரோடு இருக்கக்கூடும். தள்ளிப் போட்டால் அதுவும் அழுகிவிடும்.

மறுநாள் காலை அண்ணி குளிக்கப் போன சமயம் பார்த்து, மெழுகு செதுக்கும் சின்னக் கரண்டியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். குனிந்ததும் தையல் இழுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படலத்தின் ஓரத்தில் கரண்டியை நுழைத்து நெம்பினாள். பாலாடை போல் ஒரு துண்டு உரிந்து வந்தது.

"அடிப்பாவி!"

பின்னால் அண்ணி, தலையில் துண்டோடு. "முளைச்சதைப் போய் வழிச்சு எடுக்கறியே, உனக்கென்ன பைத்தியமா? குனியாதேன்னு டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"அண்ணி, இது செடி இல்ல. பாசி."

அண்ணி தொட்டியைப் பார்த்தாள், கரண்டியில் தொங்கிய பச்சையைப் பார்த்தாள், மறுபடி தொட்டியைப் பார்த்தாள். காதோரம் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் தினம் வந்து சொன்னது?"

அவள் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"கேன் தண்ணி தீர்ந்துபோச்சு. குழாயில புடிச்சு ஊத்தினேன்." அண்ணியின் குரல் இறங்கியது. "இன்னொண்ணும் செஞ்சேன். அந்த வாய்ச்செடி தொங்கிப்போய்க் கெடந்துச்சு. உனக்கு அங்க டிரிப்ஸ் ஏறுது, இது மட்டும் வெறும் தண்ணியைக் குடிக்கணுமான்னு, ரெண்டு ஸ்பூன் குளுக்கோஸ் கரைச்சுத் தட்டுல ஊத்தினேன்."

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. குழாய்த் தண்ணீரும் குளுக்கோஸும் பாசிக்குத்தான் தீனியாகியிருக்கின்றன என்று புரிந்ததும் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பீறிட்டது. தையலைக் கையால் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று நினைத்தாள். "பாசமா பார்த்துக்கன்னு சொல்லிட்டுப் போனே," என்றாள் அண்ணி மெதுவாக. "நான் பாசியா பார்த்துக்கிட்டேன் போல." உதட்டோரம் லேசாகக் கோணியது. பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

"அண்ணி, நீங்க பச்சை தெரியுதுன்னு சொன்ன அன்னிக்குத்தான் எனக்கு…"

"காய்ச்சல் இறங்குச்சு. தெரியும். தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தது நான்தானே." அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது டாக்டர் ஊசியை மாத்தினதால. உன் பாசியால இல்ல. போ, நாற்காலியில உக்காரு."

அண்ணி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். பையிலிருந்து புண்ணுக்குக் கட்டுப் போடும் இடுக்கியை எடுத்து வெந்நீரில் அலசினாள். தட்டிலிருந்து தொட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டு, கலங்கிய பச்சைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவினாள். லிஃப்ட் வேலைக்குக் கிளம்பிய தம்பியை விரட்டி, பல்செட் கூடத்திலிருந்து உப்பில்லாத காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கேன் வாங்கி வரச் செய்தாள். பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து விதைத்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க புடிக்கணும், சொல்லு."

"ஓரத்துலேருந்து. மண்ணை அழுத்தாம. தோல் மாதிரி உரிஞ்சு வரும்."

"தீக்காயத்துல உரிக்கிற மாதிரி."

"ஆமா. அதே மாதிரி."

இடுக்கி இறங்கியது. அந்தக் கை அவள் புண்ணைச் சுத்தம் செய்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள், பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். நரம்பு புடைத்த, வயதான கை. அவசரமே இல்லை அதனிடம். பச்சை துண்டு துண்டாக விலக, அடியில் கறுப்பு மண் ஈரமாகத் தெரிந்தது. காற்று பட்டது. வாய்ச்செடி ஒன்று பக்கத்தில் வாயைத் திறந்தபடி வேடிக்கை பார்த்தது.

"உன் பல்லு பார்க்கற லென்ஸைக் கொண்டா," என்றாள் அண்ணி திடீரென்று.

கொடுத்தாள். அண்ணி தொட்டியின் மேல் கவிழ்ந்தாள். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இங்க ஒண்ணு… பச்…" என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். லென்ஸை அவளிடம் நீட்டினாள். "எனக்கு வேணாம்மா இந்த வம்பு. நீயே பாரு."

அவள் வாங்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க அண்ணி."

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்தாள். மூச்சுக் காற்று பட்டுவிடாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கறுப்பு மண்ணில், இடுக்கி நிழலின் நுனியில், கடுகைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று நின்றது. அதன் தலையில் ஒரு துளிப் பசை, விழாமல், வெயிலை வாங்கி ஆடிக்கொண்டிருந்தது.