அளவெடுத்த துவக்கு

அகீல் முதலாளி ரவிகுமாருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது நாலு இலட்சத்து எழுபத்து மூவாயிரத்து இருநூறு ரூபாய். கடன் என்றால் கடன்தான். ஆனால் முதலாளி கேட்டு வாங்கிய கடன் அல்ல. கண்டியில் அவருடைய மொத்த வியாபாரக் கடையில் வெங்காய மூட்டையும் மிளகாய் மூட்டையும் சுமந்தே தோள் காய்த்துப்போன நாட்டாமி ரவிகுமார். வாராவாரம் கூலியில் ஒரு பங்கைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வருவான். "கையில இருந்தா கரைஞ்சிரும் முதலாளி, உங்ககிட்டயே கெடக்கட்டும்" என்பான். கிடந்தது, வருடக்கணக்கில் வளர்ந்தது. எதற்கென்று மட்டும் அவன் முடிவு செய்யவில்லை. மனைவி பரிமளத்தைக் கேட்டால், கலஹாத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அவர்களுடைய ஒற்றைக் காம்பராவுக்குப் பின்னால் இன்னொரு அறையும், சொந்தமாக ஒரு கக்கூசும் என்பாள். அவள் பல வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் காசுக்குக் குறுக்கே ஒரு துவக்கு வந்து நின்றது.

அவர்களுடைய ஒரே மகள் சர்மிளா கண்டியில் உயர்தரம் படிக்கிறாள். பாடசாலையில் குறிபார்த்துச் சுடும் குழுவில் சேர்ந்திருந்தாள். மனிதரைச் சுடுகிற துவக்கு அல்ல அது. காற்றை அடைத்து வைத்து, அந்த விசையில் ஒரு சின்ன ஈயக் குண்டைத் தள்ளுவது. பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை; அதன் நடுவே கடுகு போல ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் படவேண்டும். அவளுக்குக் கை நடுங்காது. மூச்சை அடக்கினால் சிலைதான். ஆனால் பாடசாலைத் துவக்கு ஒரு நெட்டை ஆளுக்குச் செய்தது போல இருந்தது. தோளுக்கும் அதற்கும் இடையே துவாயை மடித்து வைத்துத்தான் சுடுவாள். எவ்வளவு பழகியும் அவள் எடுக்கும் புள்ளிக் கணக்கு ஏறவே இல்லை. டிசம்பரில் தேசியக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். அதில் எடுபட்டால் சாப்பாடு, பயிற்சி, பின்னால் ஒரு வேலை கூடக் கிடைக்கலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பேராதெனியப் பக்கத்து டொக்டர் ஒருவர் தம் மகளின் துவக்கை விற்க நின்றார். மகள் படிக்க ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். ஜெர்மனியில் சொல்லிச் செய்வித்த துவக்கு அது. கை பிடிக்கும் இடம் அவள் உள்ளங்கைக்கு, கன்னம் வைக்கும் இடம் அவள் கன்னத்துக்கு, தோளில் பதியும் இடம் அவள் தோளுக்கு என்று அளவெடுத்துக் கடைந்தது. வேறு யாருக்கும் பொருந்தாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சர்மிளா எடுத்து வைத்தாள். தைத்துப் போட்ட சட்டை போல உட்கார்ந்தது.

பயிற்சி கொடுக்கும் திசாநாயக்க சேர் டொக்டரிடம் பேசி, இரண்டு வாரம் வைத்துப் பார்க்க வாங்கிக் கொடுத்தார். விலை நாலு இலட்சத்து அறுபதாயிரம்.

விலையைக் கேட்டதும் பரிமளம் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அட்டையில ஓட்ட போட நாலு லெச்சமா? ஆணியும் சுத்தியலும் குடுங்க, நான் போட்டுத் தாரேன்."

"அம்மா, சும்மா இருங்கம்மா."

"ஏன்டி, அது குண்டு துப்புமா, தங்கம் துப்புமா? மழ பெஞ்சா கொடயப் புடிச்சிக்கிட்டு கக்கூசுக்கு ஓடுறோம். இதுல தொர வூட்டுத் துவக்கு."

ரவிகுமாருக்கு மகள் சொல்வதும் சரியாகப் பட்டது, மனைவி சொல்வதும் சரியாகப் பட்டது. "ரெண்டு வாரம் இருக்குல்ல. பாப்போம்" என்றான். எந்தக் காரியத்துக்கும் அவன் வாயில் முதலில் வருவது இந்த 'பாப்போம்'தான்.

முதல் வாரத்தில் சர்மிளா சுட்டதைப் பார்த்து திசாநாயக்க சேர் சிரித்துவிட்டார். அவர் சிரிப்பது பெரிய விஷயமாம். குருநாகலில் இருந்து இன்னொருவர் தம் மகளுக்காக அதே துவக்கைக் கேட்கிறார், சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்று சர்மிளாவிடம் சொல்லி அனுப்பினார். ரவிகுமார் அகீல் முதலாளியிடம் போனான்.

"முதலாளி, என் காசு மொத்தமா தேவப்படும் போல இருக்கு."

"எனத்துக்கு ரவி? ஊடு கட்டப் போறீங்களா?"

"துவக்கு வாங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "யா அல்லா. நான் சல்லி தரமாட்டன் எண்டு யாரும் சொன்னாங்களா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் விளங்கியதும் முதலாளி, "நல்ல காரியம். புள்ளைக்குத்தானே. ஒரு கெழம தாங்க, சரக்கில முடங்கி ஈக்கிது, எடுத்து வெக்கிறன்" என்றார்.

சரஸ்வதி பூசை லீவு வந்தது. குண்டு இல்லாமல், சுவரில் ஒரு புள்ளி வைத்துக் குறிபிடித்துப் பழகும் பழக்கம் ஒன்று உண்டு. அதற்காக சேர் துவக்கை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி, வழியில் பொலிஸ் கேட்டால் காட்டப் பாடசாலைக் கடிதமும் கொடுத்தார். பஸ்ஸில் நீளப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்பனும் மகளும் வந்தார்கள்.

"என்ன ரவியண்ணே, கிட்டாரா?" என்றான் கொண்டக்டர்.

"ஆமா தம்பி. ஒன் கல்யாணத்துக்கு வாசிக்கத்தான்."

"அப்ப நீங்க கெழவனாகித்தான் வாசிப்பீங்க!"

சர்மிளா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து ரவிகுமார் பார்த்து நாளாகியிருந்தது. வாங்கிவிட வேண்டியதுதான் என்று பஸ்ஸிலேயே மனம் முக்கால்வாசி சாய்ந்துவிட்டது.

ஆயுத பூசையன்று லயத்தில் எல்லார் வீட்டிலும் போல அவர்கள் வீட்டிலும் சாமி படத்துக்கு முன்னால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, சர்மிளாவின் புத்தகங்கள் எல்லாம் ஏறின. ரவிகுமார் தன் மூட்டைக் கொக்கியைத் துலக்கி வைத்தான். பிறகு பெட்டியைத் திறந்தான்.

"துவக்கையா வைக்கப் போறீங்க சாமிக்கு முன்னால?" என்றாள் பரிமளம்.

"எனக்குக் கொக்கி. ஒனக்குக் கூட. அவளுக்கு இதுதானே ஆயுதம்?"

சர்மிளா கோயிலில் பூக்கட்டப் போயிருந்தாள். ரவிகுமார் குளித்து, திருநீறு பூசி, சந்தனத்தைக் குழைத்தான். கூலிக்குப் பிடிக்கும் கொக்கிக்கு அவசரமாக ஒரு பொட்டு வைத்தவன், துவக்குக்கு நிதானமாக வைத்தான். பிடியில் ஒன்று, கன்னம் படும் இடத்தில் ஒன்று, குழலின் மேல் வரிசையாக மூன்று. கடைசியில், பேசப்போவது வாய்தானே என்று எண்ணி, குழலின் வாயிலும் ஒன்று வைத்தான். வாய் சின்னது, விரல் பெரியது. அழுத்தித்தான் வைக்க வேண்டியிருந்தது. நல்லா வரணும், என் புள்ள நல்லா வரணும் என்று கற்பூரம் காட்டினான்.

மறுநாள் சர்மிளா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அப்பா! இது டொக்டர் வூட்டுச் சாமான்பா!" ஈரத்துணியால் பிடியையும் குழலையும் பளபளவென்று துடைத்தாள். அவனும் கூட நின்று துடைத்தான். அத்தோடு சரி.

சனிக்கிழமை பல்லேகலைப் பக்கத்தில் பயிற்சிப் போட்டி. அன்று பார்த்து முடிவு சொல்வதாகப் பேச்சு. ரவிகுமார் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போயிருந்தான். சுடுகிற இடத்துக்குப் பின்னால் போட்டிருந்த கதிரையில், விளிம்பில் உட்கார்ந்தான். மகள் துவக்கைத் தூக்கித் தோளில் வைத்தபோது அவன் தோளும் கூடவே நிமிர்ந்தது.

முதல் குண்டு புள்ளியை விட்டு எங்கோ போனது. அடுத்தது இன்னொரு பக்கம். ஒன்று நடுவில் பட்டால் அடுத்தது வெளிவளையத்தில். ஒரு ஒழுங்கே இல்லை. சர்மிளா துவக்கை இறக்கி, பார்த்து, மறுபடி ஏற்றினாள். அவள் கழுத்து சிவந்துபோனது. திசாநாயக்க சேர் கிட்டப் போய், "பய வென்ன எப்பா" என்று சிங்களத்தில் பயப்படாதே என்றார். இந்தத் துவக்கைச் சுத்தம் பண்ணித்தான் கொடுத்தேன், துவக்கில் பிழை இல்லை, அப்பா வந்து உட்கார்ந்ததில் பிள்ளைக்குப் பதற்றம் என்று ரவிகுமாரிடம் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது சர்மிளா சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் பதற்றமில்லப்பா. துவக்குலதான் என்னமோ இருக்கு. போன வாரம் இப்பிடி இல்லயே."

"பழைய சாமான் அப்பிடித்தான் பாப்பா. முதல்ல நல்லாத்தான் வேல செய்யும்."

"இன்னும் ஒரு நாள் பாத்துட்டு..."

"இவ்வளவு காசக் குடுத்து எடுத்துட்டு, அப்புறம் என்ன செய்வோம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  ஒன்று உண்டு, அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மகள் தப்புத் தப்பாகச் சுட்டபோது அவனுக்கு வேதனை வந்தது உண்மை. அந்த வேதனைக்கு அடியில், நெடுந்தூரம் சுமந்த மூட்டையை இறக்கினால் வருமே, அப்படி ஒரு ஆசுவாசமும் வந்தது. இனி முடிவு அவன் எடுக்க வேண்டியதில்லை. துவக்கே எடுத்துக் கொடுத்துவிட்டது.

அன்று சாயந்தரமே வேண்டாம் என்று சேருக்குப் போனில் சொல்லிவிட்டான். முதலாளியிடமும், "காசு கெடக்கட்டும் முதலாளி" என்றான். பரிமளம் அறைக்கு எத்தனை கல் வேண்டும் என்று மேசனைக் கேட்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை சர்மிளா பாடசாலை விட்டு வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"அப்பா, வாயிலயும் பொட்டு வச்சீங்களா?"

"எந்த வாயில?"

"துவக்கு வாயில."

அவன் வலது கைச் சுட்டுவிரலைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டான்.

"குருநாகல் ஆள் மகளக் கூட்டிக்கிட்டு, எடுத்துட்டுப் போகக் காலயில வந்தாரு. குடுக்க முந்தி சேர் குழலச் சுத்தம் பண்ணினாரு. துணி மஞ்சளா வந்திச்சி. காஞ்சி, பொடிப்பொடியா. இது என்னன்னு சேர் என்னக் கேட்டாரு. மோந்து பாத்தேன்." அவள் பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "தெரியல்ல சேர்னு சொல்லிட்டேன்."

"பாப்பா..."

"சுத்தம் பண்ணிட்டு அந்தப் புள்ள சுட்டிச்சிப்பா. ஒரே ஓட்டையில போகுது."

உள்ளே பரிமளம் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள். அவள் ஏதாவது திட்டினால் நன்றாயிருக்கும் என்று ரவிகுமாருக்குப் பட்டது. அவள் வெளியே வந்து மகளின் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே ரவிகுமார் கல்லாவுக்கு முன்னால் நின்றான். "முதலாளி, அந்தக் காசு எனக்கு இப்பவே வேணும்."

"நீங்கதானே ரவி கெடக்கட்டும் எண்டீங்க?"

"சொன்னேன். பிழையாச் சொல்லிட்டேன்."

முதலாளி அவன் முகத்தைப் பார்த்தார்.  நடுப்பகலுக்குள் தருகிறேன் என்றார். ரவிகுமார் கடை வாசலில் இருந்தே திசாநாயக்க சேரை அழைத்து, குருநாகல்காரரிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னான். கையில் இருப்பது அவ்வளவும் தருகிறேன், அதற்கு மேலும் வேண்டுமானால் மாதாமாதம் தருகிறேன் என்றான். பொட்டு வைத்ததையும் சொன்னான். தமிழும் சிங்களமுமாகத் தடுமாறித்தான் சொன்னான்.  "நான் அன்றைக்கே குழலைப் பார்த்திருக்க வேண்டும்" என்றார் சேர், சிங்களத்தில். "துவக்கில் ஏதோ பிழை என்று உங்கள் மகள் சொன்னாள். நான் பதற்றம் என்றேன்."

பதில் வரும்வரை அவன் மூட்டை சுமந்தான். மிளகாய் லொறி வந்திருந்தது. அன்றைக்குத் தும்மலோடு தும்மலாகக் கண்ணில் தண்ணீர் வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

நடுப்பகலில் சேர் போனில் பேசினார். அந்தக் குருநாகல் மனிதர் நல்லவர்தானாம். மகளைக் கேட்டாராம். பிள்ளை துவக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதாம். அளவு கொஞ்சம் பெரிசுதான், வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார்களாம். சர்மிளா டிசம்பருக்குப் பாடசாலைத் துவக்கிலேயே சுடட்டும், தோள் பக்கம் ஏதாவது செய்து பார்க்கிறேன் என்றார் சேர். அதில் எடுபடுவாளா என்று ரவிகுமார் கேட்கவில்லை. சேரும் சொல்லவில்லை.

மத்தியான லுஹர் தொழுகையை முடித்து வந்த அகீல் முதலாளி அவனை உள்ளே கூப்பிட்டார். கடதாசிப் பையில் காசு இருந்தது.

"நாலு எழுபத்து மூணு எரநூறு. எண்ணிக்கோங்க."

"சரியாத்தான் இருக்கும் முதலாளி."

"இல்ல, எண்ணுங்க. இனி எனக்கிட்ட வெக்காதீங்க ரவி, பேங்கில போடுங்க. நான் கையோட சல்லியத் தந்திருந்தா, அண்டைக்கே எடுத்திருப்பீங்க. அது எண்ட மனசுல ஈக்கிது."

"உங்க மேல ஒண்ணுமில்ல முதலாளி."

அவன் எண்ணினான். கட்டுக்கட்டாக எண்ணி, கடைசி இருநூறையும் மேசை மேல் வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பையில் போட்டான்.

"சரியா?" என்றார் முதலாளி.

"சரி முதலாளி. எல்லாம் வந்திருச்சி."

"அப்ப கணக்கு முடிஞ்சிது."

"முடிஞ்சிது" என்றான் ரவிகுமார். பையை இடுப்புச் சாரத்தில் செருகிக்கொண்டு, பாதி இறக்கியிருந்த லொறிப் பக்கம் போனான்.