ஐந்து நன்றியும் ஆறாவது நன்றியும்

எழுபத்தாறு வயதில் நாமுதேபியின் தலையில் ஒரு தொப்பி ஏறியது. தேவாலயத்துக்குப் போட்டுப்போகும் தொப்பி இல்லை. சிவப்புச் சிவப்பாய் விளக்குகளும் ஒயர்களும் வைத்த தொப்பி.

"நனைஞ்ச கோழி மாதிரி இருக்கேக்கா," என்றாள் தங்கை சல்வாங்கோ, ஆஸ்பத்திரி பெஞ்சில் சாய்ந்தபடி. துணைக்கு வந்தவள் என்று பெயர்.

உண்மையில் எதற்கு வந்தாள் என்பது மசாக்கா ஊர் முழுக்கத் தெரியும். சனிக்கிழமை அண்ணன் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மண்டியிட்டு வரவேற்று, எழுந்து, அவர்கள் கூட்டத்துக்குள் போய் மாப்பிள்ளையைக் கண்டுபிடித்து அழைத்துவருவது அத்தையின் உரிமை. மூத்த அத்தை இருக்க இளையவளுக்கு அது வராது. ஆனால் ஈஸ்டர் அன்று வாழைத்தோட்டத்தில் நாமுதேபி தடுக்கி விழுந்ததை யாரோ அண்ணனிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, சல்வாங்கோதான்.

"ஆஸ்பத்திரியில வயசானவங்களுக்கு ஏதோ சோதனை பண்றாங்களாம். தளர்ச்சின்னு எழுதிக்கொடுத்தா சின்னவ மண்டி போடட்டும்," என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நாமுதேபிக்கு ஒரு வாய் மட்டோக்கே வாழைக்காய் மசியல்கூட இறங்கவில்லை. தாயில்லாத அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டித் தலைவாரி வளர்த்தவள் அவள். அந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள்.

மருத்துவர் கபுயே தலைநகர் கம்பாலாவில் படித்தவர். "உடம்பு தளர்ந்தவங்களுக்கு ஒரு சின்ன அசைவுக்குக்கூட மூளை கூடுதலா பாடுபடுதான்னு பாக்குறோம்மா. கையை நெஞ்சுமேல கட்டிக்குங்க. அஞ்சு தடவை எழுந்து உட்காருங்க. வேகமா."

நாமுதேபி எழுந்தாள்.

"ஜெபாலே!" என்றது பெஞ்சின் மறுகோடியிலிருந்து ஒரு குரல்.

தன் முறைக்காகக் காத்திருந்த சாலோங்கோ அது. எண்பத்திரண்டு வயது. இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன் என்பதால் ஊருக்கே அவர் சாலோங்கோதான். யார் பாடுபடுவதைப் பார்த்தாலும் 'ஜெபாலே' என்று உழைப்புக்கு நன்றி சொல்லாமல் அவர் வாய் சும்மா இருக்காது. அப்படி ஒரு பெரியவர் சொன்னால் மண்டியிட்டுப் பதில் சொல்லாமல் நாமுதேபிக்கும் இருப்புக்கொள்ளாது. கீழே இறங்கி, "ஆவோ அய்யா, உங்க உழைப்புக்கும் நன்றி," என்றாள். எழுந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நேரம் ஓடுது," என்றார் கபுயே.

இரண்டாம் முறை எழுந்தாள். "ஜெபாலே!" மண்டியிட்டாள். மூன்றாம் முறையும் அதேதான். பெரியவர்கள் முகமன் சொல்லிக்கொள்ளும்போது குறுக்கே பேசக் கபுயேவை அவர் அம்மா வளர்க்கவில்லை. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். ஐந்தும் முடிந்தபோது ஐம்பத்தொரு நொடி.

"விதிப்படி பதினஞ்சுக்கு மேல போனாலே தளர்ச்சிதான்," என்று சங்கடத்தோடு எழுதி நீட்டினார். நாமுதேபி கை நீட்டுவதற்குள் சல்வாங்கோ வாங்கிவிட்டாள்.

"நான் சொன்னா யாரு கேட்டீங்க? பாவம் அக்கா. நீ நிழல்ல உக்காந்து பாரு, நான் பாத்துக்குறேன்."

நாமுதேபி தொப்பியைத் தொட்டுப் பார்த்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தலையில் விளக்கு எரியும்போது அழுதால் அதையும் எழுதிக்கொடுப்பார்களோ, யார் கண்டது?

கபுயே திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "இருங்க. நாற்காலியிலேர்ந்து எழும்போதெல்லாம் மூளை பாடுபடுற கோடு மேல ஏறுது. தரையிலேர்ந்து எழும்போது அப்படியே படுத்துக் கிடக்குதே."

"நாற்காலியில எவன் உக்காந்தான்?" என்றாள் நாமுதேபி. "எங்க வீட்டுல பாய்தான்."

சாலோங்கோவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. காலையில் சல்வாங்கோ தனக்கு மண்டியிடாமல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னதை அவர் மறக்கவில்லை. புதுக் கோமேசி அங்கி அழுக்காகிவிடும் என்று காரணம் சொல்லியிருந்தாள்.

"சல்வாங்கோ," என்றார் பாசம் பொங்க. "அவ்வளவு பெரிய காகிதத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கிறியே. ஜெபாலே!"

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை. சல்வாங்கோ இறங்கினாள். இறங்கியது நன்றாகத்தான் இருந்தது. "ஆவோ அய்யா," என்றாள். அதற்குப் பிறகு எழவில்லை. பெஞ்சைப் பிடித்தாள், அது நகர்ந்தது. சுவரைத் தேடினாள், எட்டவில்லை.

"அங்கேயே குடியிருக்கப் போறியா?" என்றார் சாலோங்கோ.

சிரிக்க வேண்டியவள் நாமுதேபிதான். ஆனால் தங்கையின் மேலுதட்டில் வேர்வையைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. எத்தனை நாளாக இந்த முழங்காலை மறைத்துவைத்திருக்கிறாள்! ஒயர்கள் இழுக்க எழுந்து போய், அவள் இரு கைகளையும் பற்றித் தூக்கினாள்.

"அசையாதீங்கம்மா!" என்ற கபுயே, திரையைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனார். கோடு அன்று அதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறியிருந்தது.

சல்வாங்கோ அக்காவின் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு காகிதத்தை நாலாய் மடித்து மருத்துவரிடமே நீட்டினாள்.

"இது வேணாம். அண்ணன்கிட்ட நானே சொல்லிக்குறேன்."

"என்னன்னு சொல்லுவ?" என்றாள் நாமுதேபி.

"அக்கா மண்டி போட்டா தானாவே எழுந்திரிப்பா. நான் போட்டா அக்காதான் தூக்கணும்னு."